குளியலறைக் கண்ணாடியும் உன் மாமனாரும்

என் அருமை மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உன் மாமனாரும் சௌக்கியம். வீட்டுக் கண்ணாடிகள் எங்கள் மூவரையும்விடச் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே போல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். போனில் சொல்ல வேண்டியதற்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொண்டு மீதியை வேறு கதையாக ஆக்கிவிடுகிறாள். தவிர, நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் மற்ற எல்லா மூலைக்கும் கேட்கும். ஒரு மனிதரை அவர் காதுபடவே புகழ்வதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே பேனாவை எடுத்தேன்.

உன் மாமனாரை இங்கே கொண்டுவந்து விட்ட அன்று வாசலில் என்னைத் தனியாக இழுத்து நீ சொன்னது நினைவிருக்கும். மாமியார் போனதிலிருந்து அவர் யாரோடும் பேசுவதில்லை, கூப்பிட்டால்தான் சாப்பிட வருகிறார், ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார், நீங்கள்தான் அப்பா எப்படியாவது அவர் வாயைப் பிடுங்க வேண்டும் என்றாய். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து பேசியே குடும்பம் நடத்தியவன். நூறு வயதுவரை இருப்பேன் என்று நம்பியவர்களிடமே பாலிசி விற்றவன். ஒரு சம்பந்தியைப் பேச வைப்பது என்ன பிரமாதம் என்று மார்தட்டிக்கொண்டேன். ஆனால் என் பருப்பு அவரிடம் வேகவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினேன், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினேன், அவர் நில அளவைத் துறையில் இருந்தவராயிற்றே என்று எல்லைக்கல், வரப்புத் தகராறு வரைக்கும் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு 'ம்'. சில சமயம் அதுவும் பாதியில் நின்றுவிடும். கடைசியில் கேள்வியும் நானே பதிலும் நானே என்று ஆகி, "அவரு பேசலைன்னு அவருக்கும் சேர்த்து நீங்களே பேசறீங்க, கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று உன் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொல்லும்படி ஆயிற்று.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை குளியலறைக்குள் போன மனிதர் வெளியே வரவில்லை. முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. அம்மா எலுமிச்சம்பழத்தைக் காணோம் என்று குளிர்பதனப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தாள், நான் செய்தித்தாளுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பிறகுதான் உள்ளே தண்ணீர்ச் சத்தமே இல்லை என்பது உறைத்தது. அம்மா கதவைத் தட்டி, "அண்ணா" என்றாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். அவள் முகம் வெளிறிப்போனது. நீ வாசலில் சொன்னதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. துணையைப் பறிகொடுத்தவர், பேச்சை விட்டவர், உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருக்கிறார். கதவை நெம்ப ஏதாவது வேண்டும் என்று ஓடினேன், கைக்கு அகப்பட்டது குடை. குடையோடு நான் வந்து நிற்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. உன் மாமனார் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, பிழிந்த எலுமிச்சை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார்.

"சம்பந்தி, வீட்ல வினிகர் இருக்கா?" என்றார்.

அவர் நம் வீட்டுக்கு வந்து பேசிய முதல் முழு வாக்கியம் அது. உன் அம்மா, உயிர் காக்கும் மருந்தை யாரோ கேட்டுவிட்டாற்போல் சமையலறைக்கு ஓடினாள்.

நம் வீட்டுத் தண்ணீரின் லட்சணம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்குழாயில் வருவது தண்ணீரா, கரைத்த சுண்ணாம்பா என்று சந்தேகம் வரும். குளியலறைத் தடுப்புக் கண்ணாடி போட்ட புதிதில் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது வெள்ளையடித்த சுவர் மாதிரி. கைகழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியில் முகம் பார்ப்பதை நாங்கள் விட்டு வெகுகாலம் ஆகிறது. நான் கைத்தடவலிலேயே சவரம் செய்துகொள்வேன், அம்மா பீரோக் கண்ணாடிக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். அழுக்கென்றால் சோப்புப் போட்டால் போகும். இது தண்ணீர் காய்ந்த பிறகு அதிலிருந்த உப்பு அப்படியே படிந்து இறுகிப்போனது, தேய்க்கத் தேய்க்க நம் தோள்பட்டைதான் தேயும் என்று நாங்கள் கைகழுவிவிட்ட விஷயம். அந்த மனிதருக்கு அது பொறுக்கவில்லை.

அவர் வேலை செய்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். செல்லோடேப்பை ஒட்டித் தடுப்புக் கண்ணாடியை மனை மனையாகப் பிரித்தார். ஒரு மனைக்கு எலுமிச்சை, ஒன்றுக்குப் பற்பசை, ஒன்றுக்குத் துணி துவைக்கும் பவுடர், ஒன்றுக்கு வினிகர். எனக்கும் ஆசை வந்து ஒரு மனை கேட்டேன். கீழ் மூலையில் ஒதுக்கிக் கொடுத்தார். நான் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து ஒரே மூச்சில் தேய்த்தேன். கறையோடு கண்ணாடியும் வந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "கறை போயிடும் சம்பந்தி, கீறல் போகாது" என்றார். கோபமே இல்லை. ஆனால் என் மனை அன்றைக்கே பறிமுதல் ஆகிவிட்டது. பிறகு, வினிகரோடு கொஞ்சம் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் வேகமாக வேலை செய்யுமே என்று நான் டப்பாவைத் திறந்தபோது பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டையும் கலந்தா விஷப்புகை வரும். கறைக்கு முன்னாடி நாம போயிடுவோம்" என்றார். கூப்பிட்டாலும் திரும்பாத மனிதர் என் கையை அவ்வளவு வேகமாகப் பிடித்தது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மனைகளில் வினிகர்தான் ஜெயித்தது. ஆனால் நிற்கிற கண்ணாடியில் ஊற்றினால் அது வேலை செய்வதற்குள் வழிந்து ஓடிவிடுகிறது. அவர் குளியலறை முக்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அன்றைய செய்தித்தாளைக் கொண்டுவந்தார். நான் இன்னும் பிரித்துக்கூடப் பார்க்காதது. தாள் தாளாக வினிகரில் நனைத்துக் கண்ணாடியோடு ஒட்டினார். அது உலராமல் ஊறட்டும் என்று அவ்வப்போது மேலே தெளித்தார். நான் அன்று உலகச் செய்தியைக் குளியலறையில் நின்றபடி படித்தேன், விளையாட்டுச் செய்திக்கு மண்டியிட வேண்டியிருந்தது. வீடு முழுக்கப் பள்ளிக்கூட ஆய்வுக்கூட வாடை. தாளை உரித்து, மெத்தென்ற துணியால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, ஈரம் காயும்முன் துடைத்தெடுத்தார். கண்ணாடிக்கு அந்தப்புறம் சோப்புப் பெட்டி தெரிந்தது. அம்மா அதை எட்டி எடுக்கப் போய்க் கண்ணாடியில் விரலை இடித்துக்கொண்டாள். இதற்கு நடுவே வினிகர்ப் புட்டி ஒன்று வரவேற்பறைப் பளிங்கு மேசை மேல் உட்கார்ந்து வட்டமாக மங்கல் தழும்பு போட்டுவிட்டது. பளிங்குக்கு வினிகர் ஆகாதாம். அம்மா யாரையும் விசாரிக்கவில்லை, நேராக என்னைப் பார்த்தாள். வைத்தது நான்தான் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

மறுநாள் முகம் பார்க்கும் கண்ணாடி. அதற்கு வினிகரை ஊற்றவே கூடாது, ஓரத்தில் இறங்கினால் பின்பக்கப் பூச்சு கெட்டுவிடும் என்று துணியில் தொட்டுத் தொட்டு ஒற்றியெடுத்தார். நான் பக்கத்தில் துணி பிழிந்து கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். நடுவில் ஒரு கையகலம் தெளிந்தது. அவர் கை அப்படியே நின்றது.

"யாரு சம்பந்தி இது?" என்றார்.

கண்ணாடிக்குள் தாடியும் பரட்டைத் தலையுமாக ஒரு மனிதர். எத்தனையோ வீட்டு வாசலில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவன் நான். "நீங்கதான்" என்றேன், அவ்வளவுதான் முடிந்தது. அவர் தாடியைத் தடவிப் பார்த்தார். மீதிக் கண்ணாடியையும் அவசரப்படாமல் ஓரம் வரைக்கும் துடைத்து முடித்தார்.

"அவ இருந்தா இந்த மூஞ்சியோட என்னை வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டா" என்றார். "ஒரு பிளேடு குடுங்க."

நான் பிளேடு எடுக்கப் போனேன். அம்மா சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே வெங்காயத்தை ரொம்ப நேரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று மதியம் மழமழவென்ற முகத்தோடு தானாகவே சாப்பிட வந்து உட்கார்ந்தார், இரண்டாம் முறை சோறு கேட்டார், உன் மாமியாரைப் பற்றிப் பேசினார். கல்யாணமான புதிதில் அளவைச் சங்கிலியைத் துணி காயப்போடும் கொடியாகக் கட்டி வைத்தாராமே அந்த அம்மா? அதிகாரி வந்து நின்றபோது சங்கிலி முழுக்கத் தலையணை உறைகளாம். சொல்லிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், நாங்களும் இரண்டையும் செய்தோம். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவே ஆச்சரியப்பட்டாள்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஜன்னல்கள், அலமாரிக் கதவு, தண்ணீர் குடிக்கும் டம்ளர்கள் எல்லாம் பளபளத்தன. பால்கனிக் கண்ணாடிக் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து நான் வேகமாகப் போய் மோதி மூக்கு வீங்கிவிட்டது. சத்தம் கேட்டு மாடி வீட்டுப் பல் டாக்டர் இறங்கி வந்தார். என் பற்களை ஆட்டிப் பார்த்துவிட்டு, கதவை யார் இப்படித் துடைத்தது என்று கேட்டார். பல்லில் படிகிற காரையும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான் என்று டாக்டர் ஆரம்பிக்க, உன் மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள, மூக்கில் பனிக்கட்டியோடு உட்கார்ந்திருந்த என்னை இருவரும் மறந்தே போனார்கள். இப்போது சாயங்காலம் ஆனால் மாடிக்குப் போய்விடுகிறார். குளித்துவிட்டு வருகிறவர்கள் வைப்பரால் கண்ணாடியை வழித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று வீட்டில் சட்டம். இத்தனை வருஷத்தில் நான் சொன்னது எதையும் கேட்டிராத உன் அம்மா, மறுபேச்சில்லாமல் வழிக்கிறாள். என்ன மனிதரம்மா உன் மாமனார்.

ஆகவே மகளே, மாதக் கடைசியில் அவரை அழைத்துப் போக வருவதாகச் சொன்னாயே, வர வேண்டாம். அவர் இங்கே வேரூன்றிவிட்டார். பிடுங்கினால் வாடிவிடுவார். பேச ஆள் இருக்கிறது, துடைக்கக் கண்ணாடி இருக்கிறது, கறை போட நம் தண்ணீர் வற்றாமல் வந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளையிடம் பக்குவமாக எடுத்துச் சொல். இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், உடம்பும் மனசும் தெளிவாக, நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும் என்று மூன்று பெரியவர்களும் ஆசீர்வதிக்கிறோம்.

உன் அன்பு அப்பா

பின்குறிப்பு: மேலே கடைசிப் பத்தியில் எழுதியதை அடியோடு மறந்துவிடு. இதை மடிக்கும் நேரத்தில் அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நீ அனுப்பிய உங்கள் புது வீட்டுப் படங்களை அவரிடம் காட்டிவிட்டாள். உங்கள் குளியலறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடியாமே. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். நாளைக் காலை ரயில். தடுத்துப் பார்த்தேன். "நீங்க வராம எப்படி சம்பந்தி, துணி யாரு பிழியறது?" என்றார். ஒரு மனிதர் அப்படிக் கேட்ட பிறகு நான் எப்படி இங்கே உட்கார்ந்திருப்பது? நானும் வருகிறேன். அம்மா வரவில்லை, கொஞ்ச நாளாவது கண்ணாடியை வழிக்காமல் குளிக்க வேண்டுமாம். இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டவில்லை. நீ கதவைத் திறந்ததும் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.