கார் ஷோரூமில் நான் திறக்காத வாய்

அந்தக் கார் ஷோரூமில் ஒரு தடவையாவது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத்தான் சாவது என்று போன மாதம் முடிவு செய்தேன்.

காரணம் இருக்கிறது. ஓசூர் பைபாஸில், கண்ணாடிக் கட்டடத்தில் வைத்து விற்கிற வெளிநாட்டுக் கார். முதலில் வேட்டியில் தனியாகப் போனேன். நாற்பத்தோரு நிமிடம் நின்றேன். ஒன்பது பேர் என்னைக் கடந்து போனார்கள். ஏழு பேர் பார்க்கவே இல்லை. ஒருவர் பார்த்து, "டிராக்டர் கடை அடுத்த பில்டிங், பெரியவரே" என்றார். மிச்சம் ஒருவர், நான் தொட்ட கார்க் கதவைத் துணி போட்டுத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரங்கம்மா கேட்டாள்.

"ஏங்க, எப்படிக் கவனிச்சாங்க?"

"ராஜ மரியாதை. உட்காரவெச்சு காபி குடுத்தாங்க."

"சர்க்கரை போட்டா?"

"ரெண்டு ஸ்பூன்."

"உங்களுக்கு சுகர்னு சொல்லலையா?"

"மரியாதையா குடுக்கறப்ப எப்படி வேணாங்கறது?"

"அப்ப நானும் வரேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசம். என்னை யாரு உட்காரவெச்சு காபி குடுத்தாங்க?"

மாட்டிக்கொண்டேன். வராதே என்றும் சொல்ல முடியாது. கெலவரப்பள்ளிப் பக்கம் அவள் அப்பா கொடுத்த நிலத்தைத்தான் ரோட்டுக்கு எடுத்தார்கள். அதற்கு வந்த பணம் அவள் பெயரில். அவள் கையெழுத்து இல்லாமல் கார் இல்லை.

திட்டம் போட்டேன். மாப்பிள்ளை ஹரீஷ்குமாரின் கோட்டை இரவல் வாங்கினேன். பொத்தான் மூன்று, போட முடிந்தது ஒன்று. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும், 'எஸ்', 'ஓகே' இரண்டோடு நிறுத்திக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன்.

ரங்கம்மா ரோஜாத் தோட்டத்துக்குப் போகிற ரப்பர் செருப்பிலேயே கிளம்பினாள்.

"அதைப் போட்டுக்கினா வர்ற?"

"ராஜ மரியாதை குடுக்கறவங்க காலையா பார்க்கப் போறாங்க?"

எங்கள் பக்கம் என் வயதுக்காரர்கள் சம்சாரத்தோடு சேர்ந்து நடப்பதில்லை. நான் முன்னால் போவேன். அவள் ஆறடி பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஷோரூமுக்குள்ளும் அப்படியே நுழைந்தோம். அங்கேதான் தப்பு நடந்தது.

பிரவீனா என்று சட்டையில் பெயர் குத்திய பெண் ஓடிவந்தாள். கோட்டைப் பார்த்து, "வெல்கம் சார்" என்றாள். நாற்காலி வந்தது. உட்கார்ந்தேன். அப்புறம் எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"உங்க வீட்டுல வேலை செய்யறவங்களா சார்? அவங்கெல்லாம் வெளியில வெயிட் பண்ணுவாங்க சார்."

'என் சம்சாரம்.' இரண்டே வார்த்தை. சொல்லவில்லை. நாற்காலி மெத்தென்று இருந்தது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன். மூன்றில் ரங்கம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஐந்தில் வெளியே போய்விட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாட்ச்மேன் தன் ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றார்.

காபி வந்தது. பிறகு காகிதம் வந்தது. ரங்கம்மா பெயரில் இருந்த பாஸ்புக்கை நீட்டினேன்.

"மேடம் சைன் வேணும் சார். மேடம் வரலையா?"

வெளியே ஓடினேன்.

"உள்ள வா. கையெழுத்துப் போடணும்."

அவள் மரியாதையாக எழுந்து நின்றாள். "நான் வேலைக்காரிங்க ஐயா. கையெழுத்தெல்லாம் உங்க வீட்டம்மாவைக் கூட்டிக்கினு வந்து வாங்கிக்கங்க."

"அதானே முறை சார்" என்றார் வாட்ச்மேன்.

அந்த 'ஐயா' பதினோரு நாள் வீட்டிலும் நடந்தது. "ஐயா, சோறு போட்டாச்சு." "ஐயா, மாத்திரை." நான் கூடத்தில் இருந்தால் அவள் உட்காரவும் மாட்டாள். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கார் ஆசையே போய்விட்டது. பழையபடி ஒரு 'ஏங்க' கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் கேட்டேன். "நான் என்னதான் செய்யணும்?"

"அதே இடத்துல, அதே பொண்ணுகிட்ட, நாலு பேருக்குக் கேக்கற மாதிரி நான் யாருன்னு சொல்லுங்க. கையெழுத்துப் போடறேன்."

மறுநாளே புறப்பட்டோம். அவள் பட்டுப்புடவை. நான் வேட்டி. பையை நானே வாங்கித் தூக்கிக்கொண்டேன். சேர்ந்து நடக்கத்தான் பார்த்தேன். அவள் ஆறடி முன்னால் போய்விட்டாள்.

உள்ளே பதினான்கு பேர் இருந்தார்கள். பிரவீனா முன்னால் நின்று, மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் வாயை மூடிக்கினு இருந்தது தப்பும்மா. இவ வேலைக்காரி இல்ல. பேரு ரங்கம்மா. என் சம்சாரம்."

பதினான்கு பேரும் திரும்பினார்கள். கோட்டு இல்லாத என்னைப் பிரவீனாவுக்கு அடையாளம் தெரியவில்லை. என் வேட்டியைப் பார்த்தாள். கையிலிருந்த பையைப் பார்த்தாள். பட்டுப்புடவையைப் பார்த்தாள்.

"மேடம், இவரு...?"

ரங்கம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காகிதத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"எங்க டிரைவரும்மா. வயசாயிடுச்சு. அப்பப்ப இப்படி ஏதாவது சொல்லிக்குவாரு. மனசுல வெச்சுக்காத."

டிரைவர்களுக்குப் பின்பக்கம் டீ உண்டு என்று பிரவீனா இரக்கத்தோடு சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். நான்காவது எட்டில் அந்தக் குரல் கேட்டது.

"ஏங்க..."

பதிமூன்று நாளுக்குப் பிறகு கேட்கிறேன். கண் கலங்கிவிட்டது. திரும்பினேன்.

"பையைக் குடுத்துட்டுப் போங்க."