மயில்சாமி வயிற்றில் கிடந்த கறித்துண்டு

செவ்வாய்க்கிழமை ஆனால் ஆட்டையாம்பட்டி தாண்டி அந்த ஓட்டு வீட்டின் முன்னால் இருநூறு பேர் நிற்பார்கள். ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தும் ஒருத்தரும் உட்காருவதில்லை. உட்கார முடிந்தவர்கள் அங்கே ஏன் வரப்போகிறார்கள்?

தொக்கம் எடுக்கும் சுப்பையன் சாமியின் வாசல் அது. தின்றது செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்குமாம், அதுதான் தொக்கம். சாமி தொப்புளில் பித்தளைக் குழாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார். கறித்துண்டோ பரோட்டாவோ அவர் வாய்க்கு வந்துவிடும். வயிற்றில் ஓட்டை விழாது. பனியனில் கறைகூடப் படாது. இது தெரியாமல் டாக்டர்கள் ஸ்கேன் மெஷினுக்குக் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

எங்கள் தெரு மயில்சாமி அங்கே போய்ச் சேர்ந்த கதை எனக்கு முழுசாகத் தெரியும். ஒட்டுக் கேட்கவில்லை, அவர் போட்ட சத்தம் மதில் தாண்டி வந்தது. லாரி டிரைவர். ஆசனவாயில் வெடிப்பு வந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. தெருவுக்கு மட்டும் இடுப்பு வலி என்று அறிவிப்பு. இடுப்பு வலிக்கு நடுவில் ஓட்டை வைத்த தலையணை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த தெரு.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: தண்ணீர் நிறையக் குடிக்கணும். கீரை, பப்பாளி, கொய்யா தின்னணும். வெளிக்குப் போய்வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிஷம் உட்காரணும். முக்கக் கூடாது. இறுகிப் போனால் புண் கிழியும், மறுபடி ஆபரேஷன், லாரி சீட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

மனைவி மாரக்காள் கீரை கடைந்தாள், தொட்டி நிரப்பினாள். மயில்சாமிக்குப் பயம். தின்றால்தானே போகணும் என்று பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார். அந்த நேரம் பார்த்து, கூட லாரி ஓட்டும் தனபால் வந்தான்.

"அண்ணா, டாக்டரு தோலைத்தான் அறுத்தாரு. தொக்கம் உள்ளயேதான கெடக்குது?"

அடுத்த செவ்வாயே தனபாலோடு போய்ப் படுத்தார். சாமி உறிஞ்சித் தட்டில் துப்பினார். கறித்துண்டு!

"மூணு வருசத்துக்கு முந்தி தாபாவுல தின்னது," என்றார் சாமி. மூணு வருஷமாகியும் மிளகு வாசம் போகவில்லையாம். தாபாக்காரருக்கு அப்படியொரு கைமணம்.

பிறகு பத்தியம். "கீரை ஆகாது, பழம் ஆகாது. தண்ணி நாளைக்கு ரெண்டு டம்ளர். சுடுதண்ணியில உக்காந்தா மிச்சத் தொக்கம் வெந்து ஒட்டிக்கும். பன்னும் பொரியும் தின்னுட்டு அடுத்த செவ்வா வா."

பன்னும் பொரியும் வேலையைக் காட்டின. நாலு நாள் ஒன்றும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் இறங்கியபோது எங்கள் வீட்டு நாய் எழுந்து குரைத்தது. ரத்தம் வேறு.

"பாத்தியா, மிச்சத் தொக்கம் குத்துது!"

"தொக்கமில்லீங்க மாமா, பன்னு," என்றாள் மாரக்காள். "ஆனா வாரேன். அந்தச் சாமியை நானும் ஒருவாட்டி பாக்கோணும்."

துணைக்கு நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். துணைக்கு மட்டும்தான்.

ஒரு மணி நேரம் மாரக்காள் சாமியின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் சாமி திரைக்குப் பின்னால் தியானத்துக்குப் போவார். போகும்போது கணீரென்று பேசுவார். வரும்போது வெறும் சைகை. மௌன விரதமாம். துப்பியதும் மறுபடி கணீர்.

எங்கள் முறை வந்தது. மயில்சாமி பனியனைத் தூக்கிக்கொண்டு படுத்தார். மௌனச் சாமி குழாயை எடுத்தார்.

"ஒரு நிமிசமுங்க சாமி," என்று மாரக்காள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "ஆபரேசன் ஆன ஒடம்பு. வாயைக் கொப்புளிச்சுட்டு உறிஞ்சுங்க."

சாமி கையை ஆட்டினார். "சாமி மௌனத்துல இருக்காரு அம்மிணி," என்று சீடர் மாதையன் பாய்ந்தார்.

"பேசவா சொன்னேன்? கொப்புளிக்கத்தானுங்க சொன்னேன்."

வரிசையில் அடுத்து நின்றவர் வெங்கடாசலம், ரைஸ் மில்காரர். "நாயந்தானுங்களே? டாக்டரு கையைக் கழுவறாரு. சாமி வாயைக் கழுவறதுல என்ன கொறைச்சல்? எனக்கும் கொப்புளிச்சுட்டே உறிஞ்சட்டும்."

"எனக்குமுங்க!" என்று பின்னால் நாலைந்து குரல்.

சாமி விழுங்கப் பார்த்தார். தொண்டையில் நின்றுவிட்டது. கண் பிதுங்கியது. பயந்துபோன வெங்கடாசலம் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சளக்கென்று சொம்புக்குள் விழுந்தது கறித்துண்டு. மிளகு வாசத்தோடு.

மயில்சாமி குடலில் வருஷக்கணக்காக ஒட்டிக்கிடந்த தொக்கம், குழாய் தொப்புளைத் தொடும் முன்பே வெளியே வந்துவிட்டது. சாமியின் சக்தி அப்படி!

மாரக்காள் திரையை இழுத்தாள். ஒரு சட்டியில் கறி, ஒரு சட்டியில் பரோட்டா. சைவக்காரர்களுக்கு இட்லி, தனித் தட்டில். ஆசாரம் தவறாத மனுஷர்.

மயில்சாமி பனியனை இறக்கிவிட்டு எழுந்து நேரே டாக்டரிடம் போனார். "மேலாகத்தான் கிழிஞ்சிருக்கு, பொழைச்சீங்க," என்றார் டாக்டர். அன்று மாலையே தொட்டியில் உட்கார்ந்து, மாரக்காள் நீட்டிய பப்பாளியை வாய் பேசாமல் தின்றார். அதுதான் நிஜமான மௌன விரதம். ஒன்றரை மாதத்தில் லாரி கிளம்பிவிட்டது.

சுப்பையன் சாமி இப்போது ஊரில் இல்லை. பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒருத்தர் மூக்காலேயே உறிஞ்சி எடுக்கிறாராம். நேற்று மட்டும் நாலு பேர் என்னிடம் வழி கேட்டார்கள். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். முதலில் அவரை மூக்கைச் சிந்தச் சொல்லிவிட்டு, அப்புறம் பனியனைத் தூக்குங்கள்.