குக்கர்க் கோட்டை முற்றுகை

வாழ்க, அடுக்குமாடிகளின் இருட்குழியில் இறங்கி, அந்தரத்தில் சிக்கியோரை மீட்டருளும் அஞ்சா நெஞ்சன்! வாழ்க, ஸ்பானரே செங்கோலாய் ஏந்திய ஏந்தல், லிஃப்ட் மெக்கானிக் என்னும் திருநாமம் பூண்ட நம் நாயகன்!

ஊரையே ஏற்றி இறக்கிய அவ்வீரனுக்குத் தன் வீட்டில் ஒரு வார்த்தைக்கு வழியில்லை. கைபேசி ஒளியில் முகம் புதைத்த மகள், எதைக் கேட்டாலும் 'ம்' என்றே ஈந்தாள். அடுத்த வாரம் அவள் விடுதிக்குப் போய்விட்டால் அந்த 'ம்'மும் கிடைக்காதே என்று அவன் நெஞ்சம் வெதும்பியது.

ஆதலால் ஞாயிறு மாலை, மெயின் சுவிட்சைப் படாரென்று வீழ்த்தி, மெழுகுவர்த்தி ஏற்றிக் கூடத்தின் நடுவே நின்று முழங்கினான்:

"எட்டு மணி வரைக்கும் கரண்டும் கிடையாது, போனும் கிடையாது! எல்லாரும் ஒக்காந்து பேசணும்! மொதல்ல போனைத் தொடுறவங்க ஒரு வாரம் பாத்திரம் கழுவணும்!"

மனையரசி கைபேசிகள் மூன்றையும் பிரஷர் குக்கருள் சிறைவைத்தாள். மூடியைத் தொட்டாலே கிறீச்சென்று அலறி வீட்டைக் கூட்டும் குக்கர் அது. அதனினும் விசுவாசமான காவலன் எந்தக் கோட்டைக்கும் வாய்த்ததில்லை.

சீட்டுக்கட்டு பிரிந்தது. பேச்சு வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. அவ்வேளை குக்கருள் ஏதோ ஒன்று 'டொய்ங்' என்றது. மூவர் செவிகளும் விடைத்தன. யாரேனும் லிஃப்டில் மாட்டிக்கொண்டாரோ என்பது நாயகன் தன் மனசாட்சிக்குச் சொன்ன சாக்கு. மேட்ச் என்ன ஆயிற்றோ என்பதே உண்மை.

நடக்கவிருந்த அநீதியைக் காணச் சகியாததுபோல் மெழுகுவர்த்தியும் காற்றில் அவிந்தது.

"தீப்பெட்டி எடுத்துட்டு வரேன்" என்று எழுந்த கொற்றவன், காரிருள் கிழித்து, நாற்காலியில் கால் இடித்தும் வாய் திறவாது, அடுக்களை எல்லையை அடைந்து, தொழிற்பையிலிருந்த கிரீஸ் டப்பாவைத் துழாவியெடுத்து, லிஃப்டின் தண்டவாளத்துக்கு இடும் அதே தாராளத்தோடு மூடியின் விளிம்பெங்கும் பூசினான். ஆண்டாண்டாய் அலறிய மூடி அன்று மூச்சுக்கூட விடாமல் திறந்தது. உள்ளே கைவிட்டான். அகப்பட்டவை ஐந்து விரல்கள்! அவற்றின்மேல் வளையல் அணிந்த இன்னொரு கை!

பூனைநடை பயின்றோர் இருவர், அவன் பின்னாலேயே வந்திருந்தனர்.

"புடிச்சிட்டேன்!" என்று ஆர்ப்பரித்தாள் மனையரசி, தன் கையும் உள்ளே இருப்பதை மறந்து.

"அப்பா... நீங்களுமா?" என்றாள் மகள். பிறகு சிரித்தாள், தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தீக்குச்சி உரசியபோது, சிரிப்பில் வழிந்த கண்ணீரைத் துடைத்த கிரீஸ் கைகளால் மூவர் முகங்களும் கரிய மீசை தரித்திருந்தன. வழுக்கும் விரல்களுக்குக் கைபேசி எதுவும் பணியவில்லை. மூவரும் தோற்றமையால் மூவருமே பாத்திரம் கழுவினர். கழுவக் கழுவ, விடுதியை நினைத்துத் தனக்கிருந்த பயத்தையெல்லாம் மகள் கொட்டித் தீர்த்தாள். இம்முறை நாயகனே 'ம்' கொட்டிக்கொண்டிருந்தான். பந்தயத்தில் தோற்று இவ்வளவு மகிழ்ந்தவன் வேறெவனும் இலன். எட்டு மணி எப்போதோ கடந்திருந்தது. மெயினை யாரும் நினைக்கவில்லை.

மறுநாள் சோற்றில் கிரீஸ் வாடை அடித்தது.