கம்பெனி விழுந்த போயா

கோபுரத்தை இடிக்கக் கூட்டம் சேர்கிறது என்ற செய்தி வந்தபோது, லெட்சுமணன் உக்குவளை கிராம்பு ஸ்டோரில் சாக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

போனில் ஓடியது ஒரு கேம். அதில் வரும் நகரம் முழுக்க ஒரே கம்பெனிக்குச் சொந்தம். தண்ணீர் அவர்களுடையது, மூச்சு விடுகிற காற்றும் அவர்களுடையது. ஆடுகிறவர்கள் எல்லாரும் கூலிகள். ஒன்றுசேர்ந்து கம்பெனியின் கோபுரத்தைச் சாய்த்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஊர் உலகமெல்லாம் அதற்காகத்தான் ஆடியது, லெட்சுமணனைத் தவிர.

காரணம், கம்பெனி அவனுக்கும் கிருஷாந்தினிக்கும் சேர்த்து ஓர் அறை கொடுத்திருந்தது. ஜன்னல்கூட இல்லாத அறைதான். ஆனால் தூரத்துக் கட்டுநாயக்கவில் காமென்ட் தொழிற்சாலையில் தைக்கிற பெண்டாட்டியோடு தினமும் பக்கத்தில் உட்கார வேறு இடம் ஏது? கல்யாணமாகி நிஜத்தில் சேர்ந்திருந்த நாட்களைவிட அந்த அறையில் இருந்ததுதான் அதிகம். அவள் நினைப்பு வந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. கோபுரம் விழுந்தால் அந்த அறையும் போய்விடும்.

"பௌர்ணமி போயாவுக்கு எனக்கு லீவுங்க. பஸ் ஏறி வாங்களேன்," என்றாள் கிருஷாந்தினி போனில்.

"வர ஏலாது புள்ள. கம்பெனியில ஓவர்டைம்."

"ஸ்டோருக்கும் லீவுதானே. எந்தக் கம்பெனியில?"

"கேம்லதான். நம்ம ரூம காப்பாத்தணுமே. தெனமும்தான் பாத்துக்கிறோமே, பொறகென்ன?"

அவள் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டாள்.

கலகக்காரர்களுக்குத் தலைமை முகமூடி போட்ட ஒரு ஆள். பெயர் காஞ்சமொளகா. லெட்சுமணன் நேரே போய்க் கம்பெனியிடம் காட்டிக்கொடுத்தான். காஞ்சமொளகா தப்பிவிட்டது. கம்பெனியோ பூரித்துப்போய் அவனை மேற்பார்வையாளராக்கி, தனி பங்களாவும் கொடுத்தது. கூலிகள் உள்ளே வரக் கூடாது, மனைவியாக இருந்தாலும்.

"தேயிலத் தோட்டத்துல ஒங்க தாத்தாவால ஆக முடியாத கங்காணி, நீ ஆயிட்ட," என்றான் கூட வேலை செய்யும் மாடசாமி.

"எனக்கு எதுக்குண்ணே பங்களா? எனக்கு அந்த ரூம்தான் வேணும்."

"அப்ப வேலைய கெடு. தானா எறக்கிருவான்."

கெடுத்தான். இறக்கினார்கள். அறையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் தோட்டத்தில் அரைப் பேர் போட்டுப் பாதிக் கூலி கொடுப்பதுபோல, அறைக்கு விடும் காற்றையும் பாதியாக்கிவிட்டார்கள். திரையில் கிருஷாந்தினி நீலம் பாரித்து இருமியபோது, சாக்கில் முகத்தைப் புதைத்து அழுதான் லெட்சுமணன்.

போயா அன்று விடிந்ததும் காற்றுக்காக ஓவர்டைமில் இறங்கினான். மாடாய் உழைத்தான். ஒருத்தனால் இவ்வளவு முடியுமென்றால் எல்லாராலும் முடியும் என்று கம்பெனி அத்தனை பேருக்கும் வேலையைக் கூட்டியது. அதுவரை சும்மா இருந்தவர்களும் காஞ்சமொளகா பக்கம் ஓடினார்கள்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் கோபுரம் சரிந்தது. 'வாழ்த்துகள், நீங்கள் விடுதலை பெற்றீர்கள்' என்றது திரை. அறை இருந்த இடத்தில் புகை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன்போல் உட்கார்ந்திருந்துவிட்டு, அவளுக்குப் போன் போட்டான். அறைத்தோழி மபாஸா எடுத்தாள்.

"கிருஷா போன வச்சிட்டுக் கடைக்குப் போயிருக்கா அண்ணன்."

"எங்க ரூம இடிச்சிட்டாங்க தங்கச்சி. அந்தக் காஞ்சமொளகா மட்டும் என் கையில கெடச்சா..."

"கெடைப்பா அண்ணன். ரூம் போனாத்தான் நீங்க பஸ் ஏறுவீங்கன்னு எத்தன நாளா என் போன்ல கூட்டம் சேத்தா, இப்ப உங்களுக்குச் சமைக்கத்தான் நெத்தலி வாங்கப் போயிருக்கா."