டெக்குக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய்

எனக்குப் பெருமை கொஞ்சம் கூடுதல். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மகள் சுபா சொன்னால் இன்னும் நீளமாகச் சொல்லுவாள், கூடவே நடித்தும் காட்டுவாள்.

பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குலசேகரம் பக்கத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் இல்லாத ஒன்று என் வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மகன் ராஜன் லீவில் வந்திருந்தபோது, பின்பக்கம் எப்போதும் சேறாகக் கிடக்கிறதே என்று நான் புலம்பினேன். "அம்மா, நான் ஒரு டெக்கு போட்டுத் தாறேன்" என்றான். எனக்குத் தெரிந்த டெக்கு, அந்தக் காலத்தில் டிவியோடு வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடியப் படம் போடுவார்களே, அதுதான். "இந்த வயசுல எனக்கு எதுக்கு மக்ளே படம்" என்றேன். அவன் சிரித்துவிட்டு, ஓமானில் அவன் முதலாளி வீட்டுத் தோட்டத்தில் எடுத்த போட்டோவைப் போனில் காட்டினான். தோட்டத்துக்கு நடுவே மரப்பலகையால் ஒரு தரை.

பலகை வந்து இறங்கியதைப் பார்த்த ஆசாரி தலையைச் சொறிந்தார். "வெயிலும் மழையும் கொள்ளுற எடத்துல பலகையா? நீ தோட்டம் கெட்டுதியா, வள்ளம் கெட்டுதியா மக்கா?"

"நீரு ஆணிய அடியும் ஆசாரியாரே" என்றான் ராஜன்.

அது முடிந்த அன்று சாயங்காலம் நல்ல மழை. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். மழை பலகையில் விழுகிறது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விட்டிருந்த மெல்லிய இடைவெளியில் தண்ணீர் அப்படியே இறங்கிப் போகிறது. ஒரு சொட்டுத் தேங்கவில்லை. மழை விட்டதும் செருப்பில்லாமல் அதில் போய் நின்றேன். சேறு இல்லை, குளிரும் இல்லை. காலுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. எதிரே மலை. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அது அங்கேதான் நிற்கிறது. அன்றைக்கு என்னவோ எனக்காகவே கொண்டுவந்து நிறுத்தினாற்போல் இருந்தது. மண்ணில் இருந்து ஒரு சாண் உயர்ந்து நின்றால் உலகம் இவ்வளவு மாறுமா? நான் திறந்த வாயை மூடவே இல்லை என்று சுபா சொல்லுகிறாள். இருக்கும்.

மறு வருஷம் சுபாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சு என்றால், அவளும் அவள் வேலை பார்க்கும் இன்ஜினியரிங் காலேஜில் உடன் வேலை பார்க்கும் ஜெயனும் பேசி முடித்துவிட்டு என்னிடமும் ராஜனிடமும் சொன்னார்கள். ஜெயனுக்கு அப்பா இல்லை. அம்மா மார்த்தாண்டம் பக்கம் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரெல்லாம் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் வீடு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

"அம்மா, டீச்சர் வேண்டாம்னா ஜெயன் மீற மாட்டாரு" என்றாள் சுபா. "எனக்கு வேற மாப்பிளையும் வேண்டாம். நீ அன்னைக்கு கூடுதலா எதுவும் பேசாத."

"நான் என்னட்டி பேசுவேன்" என்றேன். அவள் கண் கலங்கியிருந்தது. இந்தச் சம்பந்தம் என்னால் கெட்டுப்போகக் கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

முந்தின நாள் ராஜன் போன் செய்தான். "டெக்குக்கு எண்ணெ போட்டியா? வருசத்துக்கு ஒருக்க போடணும்னு சொன்னேம்லா."

பார்த்தால் பலகை வெளுத்துச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அவன் வாங்கி வைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. மேலே எழுதியிருந்தது முழுக்க இங்கிலீஷ். சம்பந்தி வருகிற நாளில் வீட்டில் மண்ணெண்ணெய் நாறவா? எங்கள் வீட்டில் எண்ணெய்க்கா பஞ்சம்? எங்கள் தோப்புத் தேங்காய், எங்கள் கண் முன்னால் ஆட்டிய எண்ணெய். (எங்கள் ஊரில் எண்ணெய் என்று சொன்னால் தேங்காய் எண்ணெய்தான். வேறு எண்ணெய்க்குத்தான் தனியாகப் பேர் சொல்ல வேண்டும்.) சுபா காலேஜுக்குப் போயிருந்தாள். பச்சைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற பதத்தில் சூடாக்கி, தேங்காய் நார்ச் சவுரியில் தொட்டு, குனிந்து குனிந்து தேய்த்தேன்.

அந்த அழகை என்னவென்று சொல்ல. தொட்ட இடமெல்லாம் மரம் உயிர்பெற்று எழுந்தது. உள்ளே மறைந்துகிடந்த ரேகைகள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி நெளிந்து நெளிந்து மேலே வந்தன. மரம் தாகத்தோடு குடித்தது. அது குடிக்கக் குடிக்க எனக்கும் கை ஓயவில்லை. இன்னொரு தடவை தேய்த்தேன். அதற்குப் பிறகு அது குடிப்பதை நிறுத்திவிட்டது என்பதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் டீச்சர் வந்தார். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கையில் குடை. பின்னால் ஜெயன், திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி. டீச்சர் முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளைங்க ஆசைப்பட்டது சரி. ஆனா எங்க வீட்டுல எல்லாரும் படிச்சவங்க. அதையும் நான் யோசிக்கணும் இல்லையா" என்றார். நேராக என்னைத்தான் பார்த்தார்.

சுபா அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது பேசினால் தப்பாகிவிடும். பேசாமல் இருந்தாலும் தப்பு. "டீச்சர், பின்னால வந்து ஒரு சாதனம் பாக்கணும்" என்று எழுந்தேன்.

டெக்கில் நான் முன்னால் நடந்தேன், தேர் மாதிரி. நடுப்பகுதிக்கு வந்ததும் என் இடது கால் மட்டும் என்னிடம் கேட்காமல் ஊருக்குக் கிளம்பியது. டீச்சர் சட்டென்று என் கையைப் பிடித்தார். அவர் காலும் கிளம்பியது. நான் அவரைப் பிடித்தேன். குடை தனியாக வழுக்கிக்கொண்டு போய் எலுமிச்சை மரத்தடியில் நின்றது. நாங்கள் விழவில்லை. ஒருவர் கையை ஒருவர் முழங்கை வரைக்கும் பிடித்தபடி நட்டநடுவில் நின்றோம். யார் அசைந்தாலும் இரண்டு பேரும் வழுக்கினோம். அசையாவிட்டால் இரண்டு பேரும் நின்றோம்.

சத்தம் கேட்டுச் சுபாவும் ஜெயனும் ஓடி வந்தார்கள். "யாரும் இதுல கால் வைக்கக் கூடாது" என்றார் டீச்சர். அந்தக் குரலில் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு ஜெயன் வீட்டைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ ஓடினான். பயல் ஓடியே போய்விட்டான் என்று நினைத்தேன்.

"இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்றார் டீச்சர். மூக்குக்கு மூக்கு அவ்வளவு பக்கம்.

"தேங்கா எண்ணெயாக்கும் டீச்சர்."

"இதுக்குன்னு தனி எண்ணெய் இருக்குமே. டப்பாவில எழுதியிருப்பானே."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மூணாங்கிளாசோட நிப்பாட்டிட்டாவ."

வாசலில் சுபா கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர், பழக்க தோஷமோ என்னவோ, "சரி, இந்த மரத்தரையோட நன்மை தீமைகளைச் சொல்லுங்க" என்றார்.

அது எனக்குத் தெரிந்த பாடம். "மழைக்குச் சேறு இல்ல. வெயிலுக்கு சிமென்டு மாதிரி கொதிக்காது. காலுக்கு சொகம். சாயங்காலம் இங்க இருந்தா மனசுக்கு ஒரு நெறவு. கெட்டது கேட்டியன்னா, நம்ம ஊரு ரெண்டு மழைக்கும் பாசி பிடிக்கும். கரையானுக்குப் பயந்து கெடக்கணும். எடவழியா சாவி விழுந்தா போனதுதான். அடியில பாம்பு கெடக்கோ என்னவோன்னு ஒரு பயம். ஆனா டீச்சர், அவ்வளவு கெட்டது இருந்தும் எனக்கு இத வேண்டாம்னு சொல்லத் தோணல."

டீச்சர் என்னையே பார்த்தார். "நன்மையைக் கேட்டா எல்லாரும் எழுதுவாங்க. தீமையைக் கேட்டாத்தான் பேனாவைக் கடிப்பாங்க" என்றார். "அப்போ உங்க மகளைப் பத்தியும் சொல்லுங்க. ரெண்டையும்."

பெண்பார்க்க வந்தவர்களிடம் எந்தத் தாய் குறை சொல்லுவாள்? ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. "படிப்பு, வேல எல்லாம் ஒங்களுக்கே தெரியும். வயசானவங்கள நல்லா பாப்பா. ஆனா காலத்த எழும்ப மாட்டா. கோவம் வந்தா ரெண்டு நாளு பேச மாட்டா. மீனு கழுவத் தெரியாது."

"அம்மா" என்றாள் சுபா.

"ஒனக்கு தெரியுமாட்டி?" என்று கேட்டுவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"இனி ஒங்க மகனச் சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் யோசித்தார். "நல்ல மனசு. பொய் பேச மாட்டான். ஆனா குடிச்ச காப்பி டம்ளரை இருந்த இடத்துலயே வச்சிட்டுப் போவான். ஈரத்துண்டைக் கட்டில்ல போடுவான். தப்பு என் மேலதான், நான் செல்லம் குடுத்துட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் ஜெயன் வந்தான். முன்பக்கக் கொடியில் காயப்போட்டிருந்த ரப்பர் பாலை உறையவைத்து அடித்த எங்கள் ஷீட்டுகளை எல்லாம் தோளில் அள்ளிப் போட்டிருந்தான். முட்டுக்கால் போட்டு, ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே எங்களை நோக்கித் தவழ்ந்து வந்தான். எண்ணெயில் வழுக்காத வழி ஒன்று அவன் பின்னால் நீண்டது. ரப்பர் ஷீட்டு அடிக்கும் ஊரில் பிறந்தும் எனக்கு இது தோன்றியிருக்காது. டம்ளரை எடுத்து வைக்காத பிள்ளை தவழ்ந்து வருவதை டீச்சர் கண்ணிமைக்காமல் பார்த்தார். நானும்தான்.

ரப்பர் மேல் கால் வைத்து, கை கோத்தபடியே வாசலுக்கு வந்து சேர்ந்தோம். டீச்சர் சேலையை உதறிச் சரிசெய்தார். "கல்யாணத்துக்கு மண்டபம் பாத்துருங்க. இங்க வச்சு வேண்டாம்" என்றார்.

சுபா அழுதுவிட்டாள். எனக்கு மட்டும் அது சம்மதம் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எண்ணெய் பட்டு அந்த ஷீட்டெல்லாம் பிசுபிசுத்துப் பாழாயின. டெக்குக்கு எறும்புகள் ஜாதகம் கேளாமல் வந்து குடியேறின. அவற்றைக் கிளப்ப நானும் சுபாவும் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்தோம். ராஜன் போனில் கேட்டுக் கேட்டுச் சிரித்தான்.

இப்போதும் சுபா புருஷன் வீட்டிலிருந்து போன் செய்வாள். "அம்மா, இந்த மனுசன் இன்னைக்கும் ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டிருக்காரு." நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் டீச்சர் குரல் கேட்கும்: "அதை டெக்குலயே சொல்லியாச்சு."