பாண் காணும், சீஸ் எங்கை?

மேடையில் நீளமாகப் பேசுகிறவர்களை நம்பி எந்தப் பொறுப்பையும் கொடுக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன், நானே அப்படிப்பட்ட ஆள்தான். 2000களின் நடுப்பகுதியில் ஒஸ்லோவிலிருந்து திராமன் வரை, பூப்படைந்த பிள்ளைக்குச் செய்கிற சாமத்தியவீடு, பிறந்தநாள், பரிசளிப்பு எதுவானாலும் வரவேற்புரை என்னுடையது. "மைக்கைக் குடுத்தால் விடமாட்டான்" என்று பின்வரிசையில் கதைப்பார்கள். (நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.)

பகலில் நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரன். எங்கள் சமையலறைப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றபோது, நிர்வாகி இங்கர் என்னைத் தற்காலிகமாக அந்த இடத்தில் போட்டார். "ஆறு மாதம் செய்து பார். பிறகு முறைப்படி ஆள் எடுப்போம், நீயும் விண்ணப்பிக்கலாம்" என்றார். என் மனைவி வதனி இதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் போன் போட்டு, "இவர் இப்ப மனேச்சர்" என்று சொல்லி முடித்துவிட்டாள். பதவி நிரந்தரமாகாவிட்டால் நோர்வேயோடு சேர்த்து மூன்று நாடுகளில் மானம் போகும் என்பது நிலைமை.

குறுக்கே நின்றவர் ஆர்னே. காலைக் கஞ்சி அவருடைய வேலை. நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார், ஆனால் தினமும் பிந்தித்தான் வருவார். அவர் பிந்தினால் கஞ்சியும் பிந்தும். சாப்பாட்டு அறையில் மூதாட்டிகள் கரண்டியால் மேசையைத் தட்டத் தொடங்குவார்கள். இங்கர் சமையலறை வாசலுக்கு வந்து பார்ப்பார். ஆர்னேயை அல்ல, என்னை.

அந்த நேரத்தில்தான் என்னைத் தலைமைத்துவப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒருவரிடம் குறை சொல்வது பாணுக்குள் சீஸ் வைத்துச் சான்ட்விச் செய்வது மாதிரி என்றார் பயிற்றுநர். கீழே ஒரு துண்டு பாராட்டு, நடுவில் குறை, மேலே இன்னொரு துண்டு பாராட்டு. வகுப்பிலிருந்த நோர்வேக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர்கள் பாணுக்கு மேல்துண்டு வைப்பதே இல்லை; சீஸ் எல்லாருக்கும் தெரியத் திறந்தே கிடக்கும். அவர்களுடைய பேச்சும் அப்படித்தான். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. பாராட்டுவதற்கா எனக்குப் பயிற்சி?

மறுநாளே ஆர்னேயை அறைக்குள் கூப்பிட்டு, கோப்பி ஊற்றிக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுக் கீழ்த்துண்டைத் தொடங்கினேன். சாமத்தியவீட்டு வரவேற்புரை அப்படியே நோர்வே மொழியில் வந்து விழுந்தது.

"ஆர்னே, நீ இந்தச் சமையலறையின் தூண். அன்பு, பண்பு, அடக்கம் மூன்றும் சேர்ந்த மனிதரைக் காண்பது அரிது. இங்கே இருக்கிற முதியவர்களுக்கு நீ அவர்கள் பெறாத பிள்ளை. நீ இல்லாத சமையலறையை என்னால் நினைத்தும் பார்க்க முடியாது." (தினமும் காலையில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

ஆர்னேயின் காது சிவந்தது. பிறகு கண் கலங்கியது.

"என் அப்பா எனக்குச் சொன்ன பெரிய பாராட்டே 'மோசமில்லை' என்பதுதான்" என்றார். "இப்படி எனக்கு யாரும் சொன்னதில்லை."

இந்த மனிதருக்கு முன்னால் எப்படிச் சீஸை எடுப்பது? "காலையில்..." என்று இழுத்தேன். அவர் ஈரக் கண்ணோடு நிமிர்ந்து பார்த்தார். "காலையில் உன் முகத்தைக் கண்டாலே சந்தோஷம்" என்று முடித்து, மேல்துண்டையும் வைத்து அனுப்பிவிட்டேன்.

"சொன்னனீங்களோ?" என்று வீட்டில் வதனி கேட்டாள்.

"ஓம், சுத்தி வளைச்சுச் சொன்னனான். ஆளுக்கு விளங்கியிருக்கும்."

"என்னண்டு சொன்னனீங்கள்? ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

சொல்லிக் காட்டினேன். அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மகள் அபி, வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, அந்த அங்கிளுக்கு இண்டைக்குப் பிறந்தநாளோ?" என்று கேட்டாள்.

ஆர்னேக்கு விளங்கியது வேறு. அதன் பிறகும் பிந்தித்தான் வந்தார். ஆனால் விசிலடித்துக்கொண்டு வந்தார். வாயே திறக்காத மனிதர் கூட்டங்களில் யோசனை சொல்லத் தொடங்கினார். கெட்ட காலத்துக்கு எல்லாம் நல்ல யோசனைகள். பதவிக்கு ஆள் எடுக்கும் நேரம் வந்ததும் என்னிடம் வந்து, "உன்னால்தான் எனக்குத் துணிவு வந்தது" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரும் விண்ணப்பித்திருந்தார்.

இங்கர் என்னைக் கூப்பிட்டார். "நீ அவரைத் தூண் என்று சொன்னாயாம். உண்மையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதவி எனக்கு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆர்னே கஞ்சிப் பானையோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் மேல் எரிச்சலாக இருந்தது. என் மேல் அதைவிட எரிச்சலாக இருந்தது. "உண்மைதான்" என்றேன்.

"பிந்தி வருகிறாரே, அதைச் சொன்னாயா?"

"காலையில்..." என்று மறுபடியும் இழுத்தேன்.

"நேற்று நான் சொன்னேன். அது பிரச்சினை என்று இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றார். இன்று நேரத்துக்கு வந்துவிட்டார்" என்றார் இங்கர். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பதவி ஆர்னேக்குப் போனது. வதனி வெளிநாடுகளுக்கு மறுபடி போன் போட்டுத் திருத்தவில்லை. ரொறொன்ரோவில் நான் இன்றைக்கும் மனேச்சர்.

புதிய பொறுப்பாளராக ஆர்னே முதலில் கூப்பிட்டுப் பேசியது என்னைத்தான். கதவைக்கூடச் சாத்தவில்லை. "உன் சூப்பில் உப்புக் கூட. கூட்டத்தில் நீளமாகப் பேசுகிறாய். மற்றபடி மோசமில்லை" என்றார். அன்று வீட்டுக்குத் திரும்பும் ரயிலில், எங்கள் புருசெத் வரை அந்த 'மோசமில்லை'யை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன்.

வதனியிடம் இதைச் சொன்னது பெரும் பிழை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் யாரைப் புகழ வாயெடுத்தாலும், "பாண் காணும், சீஸ் எங்கை?" என்ற கேள்விதான்; பாராட்டுப் போதுமாம், குறை எங்கேயாம். அவளுடைய சேலை வடிவாயிருக்கிறது என்றுகூட நிம்மதியாகச் சொல்ல முடிவதில்லை.

அண்மையில் அபியின் கல்யாண வரவேற்பு நடந்தது. அழைப்பிதழில் ஐந்து மணி என்று போட்டிருந்தோம். அந்த நேரத்துக்குச் சரியாக வந்தவர் ஆர்னே ஒருவர்தான். பொம்பிளை மாப்பிள்ளையோடு நாங்கள் ஆறரைக்குப் போய் இறங்கியபோது, பெரிய மண்டபத்தின் முன்வரிசையில் கோட்டும் சூட்டுமாகத் தனியே உட்கார்ந்திருந்தார்.

எழுந்து வந்து, "ஐந்து மணி என்று இருந்தது" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "ஆர்னே, உன்னைப் போலப் பொறுமைசாலியை..." என்று தொடங்கினேன்.

கூறைச்சேலையோடு பின்னால் நின்ற அபி என் முதுகில் தட்டினாள். "அப்பா, பாண் காணும். பிந்தினதுக்கு மன்னிப்புக் கேளுங்கோ."