பிரேக் மிதித்தால் ஹாரன்

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் வயர்மேன் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். அது இன்றும் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அதே கூடத்தில் ஃபியூஸ் போனால் ஸ்டூல் போட்டு ஏறுவது என் மனைவி. நான் டார்ச் பிடிப்பேன். (அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று பேச்சு வாங்குவேன்.) இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை நானே சொல்லிவிடுவது நல்லது. அவள் வாயால் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. காட்டேரிக்குப்பத்தில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி. அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. காலையில் அதில் செல்லிப்பட்டுத் தெருக்களைச் சுற்றி வந்து முனைக்கு முனை ஹாரன் அடிப்பார். ஹாரன் கேட்டால் அன்றைக்கு வேலை உண்டு. பெண்கள் சோற்றுத் தூக்கோடு வெளியே வந்து வண்டிக்குப் பின்னால் நடப்பார்கள். மாமா வாயைத் திறந்து யாரையும் கூப்பிட்டதே இல்லை.

அந்த ஹாரன் ஒரு வாரமாகத் தொண்டை கட்டிக் கிடந்தது. காரணம் வேறு இடத்தில் இருந்தது. பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிவதற்கென்று மிதிகட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சுவிட்ச் உண்டு. அது சிக்கிக்கொண்டு, விளக்கு விடாமல் எரிந்து, பேட்டரியை இறக்கிவிட்டது. வில்லியனூர் மெக்கானிக்கிடம் வண்டியை விடப் போவதாக மாமா சொன்னார்.

"இதுக்குப் போயி வில்லியனூரா? நான் படிச்சது இன்னாத்துக்கு மாமா?" என்றேன்.

"நீ வூட்டு கரண்டுதானடா படிச்ச?"

"கரண்டெல்லாம் ஒண்ணுதான் மாமா."

(இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இன்றும் மரியாதையாகத் திருப்பிச் சொல்வார்கள்.)

நான் முந்திக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை செல்லிப்பட்டில் எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம். அதற்கு முன் இரண்டு இடங்களில் 'பையனுக்கு வேலை இல்லையே' என்று தட்டிப்போயிருந்தது. இந்த வீட்டில் மட்டும்தான், கைத்தொழில் தெரிந்த பையன், கரண்டு வேலை படித்தவன் என்று வரச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கரண்டு வேலையை எடுத்துவிட்டால் மாப்பிள்ளை என்று சொல்ல என்னிடம் மீசை மட்டும்தான் இருந்தது.

மாமா ஒத்துக்கொண்டார். "சரி, மாத்திக் குடு. ஞாயித்துக்கெழம வண்டிய நீயே எடுத்துக்க. நானும் அக்காவும் பஸ்ஸுல வந்துடறோம்."

சனிக்கிழமை புது சுவிட்ச் வாங்கி வந்து உட்கார்ந்தேன். எண்ணெயும் புழுதியும் ஏறி ஒயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு. புத்தியுள்ளவன் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றுவான். நான் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அங்கே இருந்த எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றித் துடைத்து வைத்தேன். பிறகு எது எங்கே இருந்தது என்று யோசித்தேன். யோசித்ததில் நியாயமாகப் பட்டபடி மாட்டினேன். பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றினோம். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பொத்தானை அமுக்கினால் ஹாரன் கணீரென்று அடித்தது. மாமா என் முதுகில் தட்டிக் கொடுத்தார். பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நிற்கிற வண்டிக்கு எதற்கு பிரேக்?

ஞாயிறு காலை ஏழரைக்கு, வெள்ளை வேட்டி, புது டெரிலின் சட்டையோடு கிளம்பினேன். ஊர் எல்லையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். ஹாரன் அடித்தது.

விரல் பட்டுவிட்டது போல என்று நினைத்தேன். அடுத்த பள்ளத்தில் மிதித்தேன். மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். அடித்தது. பொத்தானில் வருகிற கணீர் இல்லை இது. கம்மிப்போன, இழுத்த சத்தம். ஒரு வாரமாக மாமா அடித்துக்கொண்டிருந்தாரே, அச்சு அசல் அதே சத்தம்.

அங்கேயே நிறுத்தி ஹாரன் ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். சட்டையில் கரி படும் என்று விட்டுவிட்டேன். (உண்மையைச் சொன்னால், ஹாரன் ஒயர் எது என்று எனக்குத் தெரியவில்லை.) முன் பிரேக்கின் கேபிள் எப்போதோ அறுந்திருந்தது; மாமா அதை மறந்தே போயிருந்தார். புதுச் செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வேகத்தைக் குறைத்தபடி செல்லிப்பட்டுக்குள் நுழைந்தேன். ஆனால் தெருவெல்லாம் கோழி. முனைக்கு முனை குழந்தைகள். எத்தனை தடவைதான் செருப்பைத் தேய்ப்பது?

பெண் வீட்டு வாசலில் கடைசியாக ஒரு மிதி மிதித்து நிறுத்தினேன். பெண்ணின் அப்பா வெளியே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தவர், எனக்குப் பின்னால் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். திரும்பினேன். இருபது பெண்களுக்குக் குறையாது. தலையில் துணி, கையில் சோற்றுத் தூக்கு. முன்னால் நின்ற அஞ்சலை அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"மேஸ்திரி இன்னிக்கு லீவுன்னாரு. ஆரன் கேட்டுச்சு, வந்துட்டோம். எந்தக் கழனிக்குப்பா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாத்து பறிச்சுக் கட்டிவெச்சு ரெண்டு நாளா வாடுது மாப்ள. உங்க மாமன் நாளைக்கு நாளைக்குன்னு இழுத்துட்டாரு. நீங்க பொண்ணு பாக்க வரச்சவே ஆளக் கூட்டியாந்துட்டீங்களே."

இரண்டு வீடுகளில் தட்டிப்போன எனக்கு ஒருவர் வாயிலிருந்து 'மாப்ள' என்று வருவது அதுதான் முதல் தடவை. தவறுதலாக நடந்தது என்று சொன்னால் ஒயரிங் விஷயம் வெளியே வரும். ஒயரிங் போனால் மாப்பிள்ளையும் போனார். "உங்க கஷ்டம் தெரிஞ்சுதான் மாமா" என்றேன். வெட்கமே இல்லாமல்தான் சொன்னேன்.

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் மனைவி இருபது பேருக்குக் கூழ் கரைக்க அடுப்படிக்குப் போனார். தாம்பூலத் தட்டு தனியாக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் வீட்டை ஒட்டிய கழனியிலிருந்து குரல் வந்தது: "மாப்ள, நாத்துக்கட்டு தூக்க ஆம்பள ஆள் இல்ல, கொஞ்சம் வரீங்களா?" ஆகவே நல்ல நேரம் முழுவதும் நான் சேற்றில் நாற்றுக்கட்டு வீசிக்கொண்டிருந்தேன். வேட்டியும் டெரிலின் சட்டையும் ஒரே நிறத்துக்கு வந்தன.

தண்ணீர் குடிக்க வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் பட்டுப்புடவை கட்டிய பெண் ஒருத்தி வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். சாவியை நான் அப்படியே விட்டுப் போயிருந்தேன். அவள் பிரேக்கைக் கையால் அழுத்தினாள். ஹாரன் இருமியது. கழனியில் அஞ்சலை அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஆரன் எதுல அடிக்கணும்?" என்று கேட்டாள் அவள்.

"கையில."

"இது கால்லதான அடிக்குது."

நான் குனிந்து வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டினேன்.

"நெசமாவே நீங்கதான் ஆளக் கூட்டியாந்தீங்களா?"

அப்பாவிடம் சொன்ன பொய்யை இவளிடமும் சொல்லியிருக்கலாம். அவள் பார்த்த பார்வையில் அது வரவில்லை. "இல்லங்க. நான் பிரேக் புடிச்சேன். அவங்களா வந்துட்டாங்க" என்றேன்.

அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். "ரெண்டு வருசம் படிச்சீங்களாமே?"

"ஆமாங்க."

"இன்னும் ஒரு வருசம் படிச்சிருக்கலாம்."

"அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"நடவு முடியட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சேற்றில் நின்ற இரண்டு மணி நேரத்தைவிட அந்த இரண்டு வார்த்தைதான் என்னைப் படுத்தியது. அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

பஸ் தாமதமாகி, அம்மாவும் மாமாவும் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார்கள். தன்னுடைய ஆட்கள் தனக்குத் தெரியாமல் நட்டு முடித்திருப்பதைப் பார்த்து மாமா என்னை முறைத்தார். எல்லோரும் வாசலில் கூடினோம். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களும் கையை நக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா மகளைக் கூப்பிட்டு, "இன்னாம்மா, சம்மதமா?" என்றார்.

"சம்மதம்ப்பா. ஆனா நம்ம வூட்டு கரண்டுல மட்டும் இவரு கை வெக்கக் கூடாது."

ஏன் என்று அவர் கேட்டார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். முதலில் சிரித்தது அஞ்சலை அக்கா. பிறகு யார் சிரிக்கவில்லை என்று பார்ப்பதுதான் சுலபமாக இருந்தது. பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசத்த ஒத்துக்கிட்டாரு இல்ல, போதும்" என்றார். நாங்கள் கிளம்புவதற்குள் செல்லிப்பட்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. திரும்பும்போது வண்டியை மாமா ஓட்டினார். நான் அம்மாவோடு பஸ்ஸில் போனேன்.

அவள் போட்ட நிபந்தனை இன்றுவரை அமலில் இருக்கிறது. சில வருஷம் முன்பு எங்கள் மகளைப் பெண் பார்க்க ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்தான். இன்ஜினியர். நாங்கள் எல்லோரும் வாங்க வாங்க என்றோம். என் மனைவி மட்டும் வாசற்படி இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி, எறங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ பிரேக்க மிதிங்க."

ஒன்றும் புரியாமல் பையன் மிதித்தான். அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். பின்னால் போய் விளக்கைப் பார்த்தாள். அப்புறம்தான், "உள்ள வாங்க மாப்ள" என்றாள்.